சாமியின் வேட்டைக்கு எந்தத் துவக்கு

எங்கள் பக்கத்து வளவுச் சிவலட்சுமியக்கா எதற்கெல்லாம் பயப்படுவார் என்று சொல்லத் தொடங்கினால் பொழுது போய்விடும். எதற்குப் பயப்படமாட்டார் என்று சொல்வது சுலபம். பாம்புக்குப் பயமில்லை. மாரி வெள்ளத்தில் வாய்க்கால் கடக்கப் பயமில்லை. என்னுடைய வாய்க்குக்கூடப் பயமில்லை. ஊரில் பாதிப்பேருக்கு அந்தப் பயம் இருக்கிறது. மற்ற எல்லாமே அவருக்குப் பயம்தான். ஹெலிகொப்டர் சத்தம், வாசலில் வந்து நிற்கும் தெரியாத வாகனம், இடி, தகரக் கூரையில் விழும் தேங்காய், நேரங்கெட்ட நேரத்தில் அடிக்கும் போன். பயம் முற்றினால் பேச்சும் மாறிவிடும். எங்களைப் போலவே கதைத்துக்கொண்டிருப்பவர் திடீரென்று தாயின் மலையகப் பேச்சுக்குப் போய் "ஐயோ சாமி, வேணாங்க" என்பார். அப்படி வந்துவிட்டால் அது சும்மா பயமில்லை என்று எனக்குத் தெரியும்.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்தை விட்டு ஓடிவந்த குடும்பம். அக்கா அப்போது சின்னப்பிள்ளை. லொறியில் வன்னிக்கு வந்து, கண்டாவளைப் பக்கம் காடு வெட்டி இருந்தார்கள். அதே லொறியில் வந்த பொன்னையாண்ணையைத்தான் பிறகு கட்டினார். இரண்டு பிள்ளைகள். மூத்தவன் சதீஸ் இயக்கத்துக்குப் போனான். லீவில் வீட்டுக்கு வரும்போது தோளில் கொழுவிவந்த துவக்கைச் சுவரில் சாத்திவிட்டு நித்திரை கொள்வான். அக்கா அதன் தூசியைச் சீலைத் தலைப்பால் துடைத்து அவன் தலைமாட்டில் வைப்பார். பிள்ளையின் சாமான்தானே என்று நினைத்தாராம். அவன் திரும்பி வரவில்லை. பிறகு, சண்டையின் கடைசி மாதங்களில், இளையவள், பதினாறு வயது ரஜிதாவையும் இயக்கத்துக்காரர் கொண்டுபோனார்கள்.

செட்டிகுளத்துக்குப் பக்கத்து முகாமில், கம்பி வேலிக்குள், ரஜிதா உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாமல் கிடந்த நாட்களில்தான் அக்கா ஒரு நேர்த்தி வைத்தார். எங்கள் ஊர்க் குளக்கட்டு ஐயனார் எந்தத் திசையில் இருக்கிறார் என்று விசாரித்து, அந்தப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "இவளைத் தா. இனி என்ர கையால துவக்கைத் தொடமாட்டன்." மகனுடைய துவக்கைத் துடைத்து வைத்த கைதான் மகனை அனுப்பியது என்று அவருக்கு ஒரு எண்ணம். அந்த எண்ணத்தை யாராலும் மாற்ற முடியவில்லை. ரஜிதா வந்தாள். இப்போது ஓமந்தையில் சுதாகரனைக் கட்டிக்கொண்டு இருக்கிறாள். கலியாணமாகி எத்தனையோ வருடம் கோயில் கோயிலாக அலைந்து, இப்போதுதான் வயிற்றில் ஒன்று தங்கியிருக்கிறது.

பொன்னையாண்ணையிடம் ஒரு துவக்கு இருக்கிறது. இடியன் துவக்கு. வாய்ப்பக்கத்தால் மருந்தைக் கொட்டி, தேங்காய்த் தும்பை வைத்துக் கம்பியால் இடித்து இறுக்கி, அதன் மேல் ஈயக்குண்டு போட்டு, மறுபடி தும்பு வைத்து இடித்துச் சுடுகிற பழைய சாமான். காட்டுப் பன்றியும் யானையும் பயிரை அழிக்கின்றன என்று எழுதிக் கொடுத்து, அலைந்து அலைந்து அனுமதி எடுத்தார். அந்தத் துவக்கு தொங்கிய சுவரை அக்கா கூட்டவும் மாட்டார். ஒட்டடை அடிக்க என்னைக் கூப்பிடுவார். "உங்கட சாமிக்கு வேற வேலை இல்லையோ?" என்று நான் கேட்பேன். சிரித்துக்கொண்டே தும்புத்தடியை என் கையில் தந்துவிட்டு வாசலுக்குப் போய்விடுவார்.

இனிச் சொல்வது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

ஆவணியில் பொன்னையாண்ணை கண் ஒப்பரேசனுக்குக் கிளிநொச்சி ஆசுபத்திரியில் நின்றார். சிறுபோகம் வெட்டி, நெல் மூட்டைகளை வீட்டு அறையில் அடுக்கியிருந்த நேரம். நெல் மணத்துக்கு யானை வரும். இருட்டுகிற மைமல் பொழுதில் வந்தது. வேலியைச் சாய்த்து, வாழைகளை மிதித்துக்கொண்டு, மூட்டை இருந்த அறைச் சுவரில் தலையை வைத்துத் தள்ளியது. நாங்கள் ஒரு செத்தவீட்டுக்குப் பரந்தன் போயிருந்தோம். யானை கலைக்கிற வெடி ஒன்றும் வீட்டில் மிச்சமில்லை. சுவரில் இருந்து சீமெந்துத் தூள் கொட்டுகிறது. அக்கா துவக்கை எடுத்தார். பொன்னையாண்ணை துவக்கு இடிப்பதை வாசலில் நின்று வருடக் கணக்காகப் பார்த்திருந்ததால் கைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மருந்து, தும்பு, இடி. ஈயம், தும்பு, இடி. தட்டினால் பொறி தருகிற கேப் ஒன்றையும் வைத்துவிட்டு, சுவருக்கு இந்தப் பக்கம் நடுங்கிக்கொண்டு நின்றார்.

சுட வேண்டி வரவில்லை. றோட்டில் ஒரு உழவு இயந்திரம் பெருஞ்சத்தத்தோடு வந்தது. யானை குளத்துப் பக்கம் திரும்பிவிட்டது. அதற்குப் பிறகுதான் கையில் என்ன இருக்கிறது என்று அக்கா பார்த்தார். போட்டதை வெளியே எடுக்கச் சுடுவதைத் தவிர வேறு வழி அவருக்குத் தெரியாது. சுடத் துணிவில்லை. கேப்பை மட்டும் கழற்றிவிட்டு, துவக்கைப் பழைய ஆணியில் கொழுவி, தலையோடு குளித்துக் கர்ப்பூரம் கொளுத்தினார்.

எல்லாம் தெரிந்த பிறகு, புருசனிடமாவது சொல்லியிருக்கலாம் என்று நானும் ஏசினேன். அவர் சொன்ன பதில் இதுதான். "சொல்லாத வரைக்கும் சாமியும் பார்க்காத மாதிரி இருப்பார் எண்டு நினைச்சன். வாயால சொன்னால் நேர்த்தியை முறிச்சது முறிச்சதுதானே. ரஜிதாவின்ர வயித்தில பிள்ளை." நாளைக்குச் சொல்லலாம், பிள்ளை பிறந்த பிறகு சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறார். பொன்னையாண்ணையும் கறுப்புக் கண்ணாடியோடு திரிந்ததால் துவக்குப் பக்கம் போகவில்லை.

அப்படியே போயிருக்கும். ஆனால் எங்கள் கோயில் சபைக்காரருக்கு அந்த வருடம் பார்த்துத்தான் பழைய முறை ஞாபகம் வந்தது.

ஐயனாருக்குத் திருவிழாவில் ஒரு நாள் வேட்டை. மரக்குதிரை வாகனத்தில் சாமி பற்றைக் காட்டு ஓரம்வரை போவார். அங்கே மூன்று வெடி தீரும். பிறகு திரும்பி வருவார். முந்தி அந்த மூன்று வெடியையும் இடியனால் தீர்த்தார்களாம், வெறும் மருந்தும் தும்பும் மட்டும் போட்டு. சண்டைக் காலத்தில் துவக்கே வேண்டாமென்று விட்டு, பிறகு கடையில் வாங்கிய வெடிக்கட்டோடு போய்க்கொண்டிருந்தது. இந்த வருடம் சபைத் தலைவர் யோகலிங்கம் அண்ணை ஒரு ஞாயிறு காலை ஊரைக் கூட்டி, "எந்தத் துவக்கை விடுறது எண்டு முடிவெடுப்பம்" என்றார்.

பெண்கள் பக்கத்தில் அக்கா என் அருகில் இருந்தார். துவக்கு என்ற சொல் வந்ததும் என் கையைப் பிடித்தார். விரல்கள் குளிர்ந்து கிடந்தன. வழக்கமான பயம் என்றுதான் நான் நினைத்தேன்.

"வெடிக்கட்டு இனி வேண்டாம்," என்றார் யோகலிங்கம் அண்ணை. "சீனவெடியோட சாமி வேட்டைக்குப் போனால் முயல்கூட எழும்பாது."

அரிசி ஆலைக்காரரின் தோட்டாத் துவக்கை வாங்கலாம் என்றார் ஒருவர். உடனே நாலைந்து பேர் எழும்பினார்கள். அது பின்னால் திறந்து தோட்டா போடுகிற துவக்கு, எங்கள் முறைக்குச் சேராது. அதோடு தோட்டாவுக்குள் சன்னம் இருக்கும், கூட்டத்துக்குள் ஆபத்து. அதைத் தள்ளினார்கள். அக்காவின் பிடி இறுகியது.

பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற பிரதீபன் எழும்பி, குரங்கு கலைக்கிற காற்றுத் துவக்கு ஒன்று இருக்கிறது, அனுமதியும் தேவையில்லை, ஆபத்தும் இல்லை என்றான். "தம்பி, அது சுட்டால் குதிரைக்குக்கூடக் கேளாது" என்றது ஒரு குரல். மண்டபமே சிரித்தது. அதுவும் போனது. பொடியள் கார்பைட் போட்டு வெடிக்கிற பிளாஸ்ரிக் குழாய் போன வருடம் ஒருவனின் புருவத்தை எரித்திருந்தது, அதைப் பற்றிக் கதைக்கவே விடவில்லை. ஒவ்வொரு துவக்காகக் கழிக்கக் கழிக்க அக்கா என் பக்கம் சரிந்துகொண்டே வந்தார். கழிவது எல்லாம் அவருடைய சுவரை நோக்கி வருகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

கடைசியில் இடியனுக்கு வந்தார்கள். அங்கேதான் வேடிக்கை. எங்கள் ஊரில் அனுமதி இல்லாத இடியன் இல்லை என்று சத்தியம் பண்ண யாராலும் முடியாது. ஆனால் இருக்கிறது என்று சொல்லவும் ஒருவருக்கும் வாய் வரவில்லை. "என்னட்டை இல்லை. ஆனால் இருந்தால், அதின்ர சத்தம் குளத்துக்கு அங்கால கேக்கும்," என்றார் ஒருவர். "எங்கட வீட்டில அப்பிடி ஒண்டும் இல்லை, ஆனால் அதுக்குக் குழாய் நல்ல தடிப்பு," என்றார் இன்னொருவர். இல்லாத துவக்குகளுக்காக மணிக் கணக்கில் அடிபட்டார்கள். வாசலால் ஒரு மோட்டார் சைக்கிள் போனதும் அத்தனை பேரும் ஒரேயடியாக மௌனமானார்கள். அது பால்காரன். ஆனால் அந்த மௌனத்தில் எல்லோர் முகத்திலும் அக்காவின் முகம் இருந்தது. அவரைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்கிற எங்கள் ஊரின் துணிவு அவ்வளவுதான்.

"கதையை விடுங்கோ," என்றார் யோகலிங்கம் அண்ணை. "பொலிசில கேட்டனான். அனுமதி உள்ள இடியன், அனுமதி உள்ள ஆளே சுடவேணும், வெறும் மருந்து மட்டும். அப்பிடி ஊரில ஒண்டுதான் இருக்கு. பொன்னையா, உன்ர."

பொன்னையாண்ணை கறுப்புக் கண்ணாடிக்குள்ளால் சிரித்தார். தோட்டத்து லயத்தில் பிறந்த மனிதனுக்கு இந்த ஊரின் சாமி முன்னால் வெடி தீர்க்கிற மரியாதை கிடைக்கிறது. அந்தச் சிரிப்பை நான் பிழை சொல்லமாட்டேன்.

அக்கா எழும்பினார். சபையில் அவர் எழும்பி நான் பார்த்ததே இல்லை. "வெடிக்கட்டே போதும்," என்றார். குரல் வெளியே வரவில்லை. மறுபடி சொன்னார். "துவக்கு வேணாங்க. வெடிக்கட்டே போதும்."

"தங்கச்சி, பயமெண்டால் காதைப் பொத்துங்கோ," என்றார் யோகலிங்கம் அண்ணை. சிரித்தார்கள். பொன்னையாண்ணை வெட்கத்தில் தலையைக் குனிந்தார். அக்காவின் வாயில் 'ங்க' வந்ததை நான் கவனித்தேன். அது சும்மா பயமில்லை என்று எனக்குப் பட்டது. ஆனால் என்ன பயம் என்று கேட்டால் தலையை ஆட்டினாரே தவிர வாய் திறக்கவில்லை.

துவக்கு திருவிழா முடியும்வரை கோயில் அறையில் பூட்டியிருக்க வேண்டும் என்று தலைவர் சொன்னதால், பொன்னையாண்ணை அப்போதே போய் அதைக் கொண்டுவந்து கொடுத்தார். பூட்டின் திறப்பு யோகலிங்கம் அண்ணையின் மடியில். வீட்டில் இருந்தால் குழாய்க்குள் தண்ணீர் ஊற்றி மருந்தை நனைத்திருக்கலாம் என்ற யோசனை அக்காவுக்கு வந்தபோது துவக்கு கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து அவர் சோறு சாப்பிட்டு நான் காணவில்லை. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தாலும் அசையாமல் நின்றார். என்னவென்று பொன்னையாண்ணை கேட்டால், அவருடைய முகத்தையே, அந்த மூக்கையும் கண்ணாடியையும் ஒப்பரேசன் செய்த கண்ணையும், பார்த்துக்கொண்டிருப்பாராம்.

இடியனில் ஒரு மருந்துக்கு மேல் இன்னொரு மருந்து போட்டால் என்ன நடக்கும் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அடைத்த ஈயம் வெளியே போக முந்திக் குழாய் பிளக்கும். பிளந்தால் முதலில் போவது சுடுகிறவனின் முகம். சாமி வெடிக்குச் சத்தம் வேண்டுமென்று வழக்கத்தைவிட மருந்தைக் கூட்டிப் போடுவதுதான் முறை.

வேட்டையன்று பின்னேரம், குதிரை வாகனம் பற்றைக் காட்டு ஓரம் வந்து நின்றது. பறையும் மேளமும் காதை அடைத்தன. பொடியள் கயிறு பிடித்துச் சனத்தைத் தள்ளி நிறுத்தினார்கள். இரண்டு பொலிஸ்காரர் நின்றார்கள். பொன்னையாண்ணை வெள்ளை வேட்டி கட்டி, துவக்கைச் சாமி முன்னால் வைத்தார். ஐயர் அதற்குச் சந்தனம் பூசிப் பூ வைத்தார். சுட முன்னர் வெறும் கம்பியைக் குழாய்க்குள் விட்டு, இரும்பில் இரும்பு படுகிற சத்தம் கேட்டுப் பார்க்கிறவர்கள் உண்டு. பொன்னையாண்ணைக்கு அது தேவைப்படவில்லை. தன் துவக்கைத் தன்னைத் தவிர யாரும் தொட்டதில்லை, கடைசியாகச் சுட்டுத் துடைத்து வைத்தது தானே என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கையில் அக்கா போனை எடுத்தார். நம்பர் பிழைத்துப் பிழைத்துப் போனது. மேளச் சத்தத்தில் கேளாதென்று ஸ்பீக்கரில் போட்டார். அதனால்தான் எனக்கும் கேட்டது.

"அம்மா, என்ன, வேட்டை தொடங்கிட்டுதோ?"

"ரஜிதா, உன்னட்டை ஒண்டு கேக்கவேணும்." அக்கா போனை வாயோடு ஒட்டிப் பிடித்தார். "உன்னை எனக்குத் திருப்பித் தந்தால் துவக்கைத் தொடமாட்டன் எண்டு சாமிக்கு நேர்ந்தனான். தொட்டிட்டன். யானை வந்தது. நான்தான் துவக்குக்கு மருந்தும் ஈயமும் போட்டனான். அது உள்ளுக்கே கிடக்கு. அப்பா அதுக்கு மேல இப்ப மருந்து போடப் போறார். நான் வாயைத் திறந்தால் உனக்கு ஏதும் ஆகிடுமோ? உன்ர வயித்தில…"

வாய்க்காரி என்று பெயரெடுத்த எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. பொன்னையாண்ணை துவக்கை நிமிர்த்தி நிலத்தில் ஊன்றி, மருந்தைக் கொட்டிக்கொண்டிருந்தார்.

போனில் ரஜிதா கத்தினாள். "எனக்கு ஒண்டும் ஆகாது. ஓடுங்கோ அம்மா! என்னோட கதைச்சுக்கொண்டு நிக்காதேங்கோ, ஓடுங்கோ!"

அக்கா ஓடினார். கயிற்றுக்குக் கீழால் குனிந்து, தடுத்த பொடியனைத் தள்ளி, பொலிஸ்காரர் "ஏய்" என்று கத்தக் கத்த ஓடினார். பொன்னையாண்ணை தும்பை எடுத்து வாய்க்குள் வைக்கப் போன நேரம், அக்கா தன் வலது உள்ளங்கையைக் குழாய் வாயில் வைத்து மூடினார்.

"வேணாங்க! சாமி, வேணாங்க!"

"விசரோ உனக்கு? கையை எடு!"

"உள்ளுக்கு ஈயம் கெடக்கு. நான்தான் போட்டேன். யானை வந்த அன்னைக்கு நான்தான் போட்டேன்."

மேளக்காரர் ஒருவர் பின் ஒருவராக நிறுத்தினார்கள். யோகலிங்கம் அண்ணை வந்து இடிகம்பியை வாங்கினார். கையை எடுக்கச் சொன்னால் அக்கா எடுக்கவில்லை. பொன்னையாண்ணைதான் மெல்லப் பிரித்து எடுத்தார். கம்பியை உள்ளே விட்டார்கள். அப்போது கொட்டிய மருந்து மட்டும் என்றால் நாலு விரல் அளவுதான் கம்பி வெளியே நிற்கும். பொத்தென்று நின்றது. ஒரு முழம் அளவுக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்ற கம்பியைச் சனம் முழுவதும் பார்த்தது. கயிற்றுக்கு முன்னால் நின்றவர்கள் பின்னால் போனார்கள். பொன்னையாண்ணை கண்ணாடியைக் கழற்றி, தன் முகத்தைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு மண்ணில் அப்படியே இருந்துவிட்டார். பொலிஸ்காரர் குழாய்க்குள் தண்ணீர் ஊற்றித் துவக்கை எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த நேரம் பார்த்து எந்த மூதேவியோ வெடிக்கட்டைக் கொளுத்த, ஊர் முழுவதும் குனிந்து நிலத்தோடு ஒட்டியது. சாமி மட்டும்தான் குதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

அக்காவின் இடது கையில் போன் இன்னும் இருந்தது. "அம்மா! அம்மா!" என்று அது அழுதுகொண்டிருந்தது.

"அப்பா இருக்கிறாரோ?"

"இருக்கிறார்," என்றார் அக்கா. பிறகு மிகவும் மெல்லக் கேட்டார். "நீ இருக்கிறியோ?"

"இருக்கிறன் அம்மா."

"பிள்ளை?"

"உதைக்குது. நான் கத்தினதுக்கு உதைக்குது."

அடுத்த நாள் விடியப் போனேன். அக்கா கிணற்றடியில் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் குழாய் வாயின் வட்டம் கரியாகப் பதிந்திருந்தது. மருந்துக் கரி லேசில் போகாது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமென்று, "சாமிக்கு முன்னாலதானே அண்ணையைக் காப்பாத்தினீங்கள். அவர் அதையும் பார்த்திருப்பார்தானே," என்றேன்.

அக்கா கையைத் திருப்பி அந்த வட்டத்தைப் பார்த்தார். "அதுவும் துவக்கைத் தொட்டதுதானே," என்றார். "ரண்டாந்தரம்."

எனக்குக் கோபம் வந்தது. அக்காவின் மேல் இல்லை. இப்படி ஒரு பயத்தை இந்த மனுசிக்குள் இடித்து இறுக்கி வைத்த எல்லோர் மேலும் வந்தது. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து ரஜிதாவுக்குப் போட்டார்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. அக்கா மறுபடி போட்டார். பொன்னையாண்ணை குசினி வாசலில் வந்து தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றார். மூன்று பேரும் அந்த மணியைக் கேட்டுக்கொண்டு நின்றோம். நேர்த்தி, சாமி, ஒன்றையும் நம்பாத நானும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

"இருக்கிறன் அம்மா," என்றது தூக்கக் குரல். "கொஞ்சம் நித்திரை கொள்ள விடுங்கோ."